புது வீட்டுக்கு வந்ததும் பூனை ஏன் மாறிப்போனது?

மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தோட்டமும் வெளியே வரவேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியக்கூடியவற்றை விட்டுவிட்டு, மற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், இருந்த குடும்பம், மூன்று மாதத்துக்கு முன் ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு மாறியிருக்கிறது. வீட்டில் அவர், மாமியார், ஏழு வயது மகள். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அடுத்த மாதம் வேலையை விட்டு ஊரோடு வந்துவிடப் போகிறார். இவர்களோடு சின்னான் என்ற மூன்று வயது ஆண் பூனை. கண் திறந்த சில நாளிலேயே தேயிலைச் செடிக்கடியில் தனியாகக் கிடந்தவனை எடுத்துவந்து பால் புகட்டி வளர்த்திருக்கிறார்கள். கருத்தடை செய்யவில்லை. தடுப்பூசி பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வீடு மாறிய பிறகு சின்னான் ஆளே மாறிவிட்டானாம். கதவு நிலையில், ஜன்னல் சீலையில், கணவர் வந்தால் அவருடைய பயணப் பையில் மூத்திரம் அடிக்கிறான். நடுச்சாமத்தில் கூரை மூலையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். விடியப்போகும் நேரத்தில் கத்தி எல்லோரையும் எழுப்புகிறான். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை காணாமல் போய், மேலே இருக்கிற பழைய லயத்தில் அகப்படுகிறான். மடியில் படுத்துச் சுகமாகத் தடவ விட்டுக்கொண்டே திடீரென்று கடிக்கிறான். இரண்டு முறை இரத்தம் வந்து மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறார். கருவாட்டுத் துண்டை மூஞ்சிக்கு நேரே வைத்தாலும் தேடுகிறான், கண் மங்குகிறதோ என்று ஒரு பயம். உடம்பு எந்நேரமும் சுடுகிறது, பெனடோல் மாத்திரையில் கால் பங்கு கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. மாமியார், வீட்டில் ஏதோ நடமாட்டம் இருக்கிறது, பூனைக் கண்ணுக்கு அது தெரிகிறது என்று எலுமிச்சம்பழம் வெட்டித் தினமும் சாம்பிராணி போடுகிறார். கணவரோ, “நன்றி கெட்டது, என் மேல் பழி தீர்க்கிறது, சாக்கில் கட்டி டவுன் மார்க்கெட்டில் விட்டுவிடுவோம்” என்கிறார். மூத்திரத்தில் அதன் மூக்கைத் தேய்த்தும் பார்த்தாராம். “அவன் எங்களை என்னவென்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்?” என்று கேட்டுக் கடிதத்தை முடிக்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் கிடைத்தால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். ஆனால் அதற்கு முன், தள்ளிப்போட முடியாத மூன்று விடயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

இன்றைக்கே கவனிக்க வேண்டியவை

பூனை கடித்த காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டாதீர்கள். பூனையின் கோரைப்பல் ஊசிபோல மெல்லியது. வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிகிற காயம் உள்ளே ஆழமாக இருக்கும். காயத்தின் வாய் சீக்கிரம் மூடிக்கொள்ள, கிருமி உள்ளே தங்கி ஒரே நாளில் கை வீங்கிவிடும். அதைவிடப் பெரியது விசர்நோய். நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்பது தவறான எண்ணம், பூனையும் கடத்தும். இனி கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே பட்ட இரண்டு கடிகளுக்காக இன்றைக்கே அங்கே போய், மறைக்காமல் சொல்லுங்கள். பூனைக்குத் தடுப்பூசி போடவில்லை என்றால் அதையும், அது வெளியே திரிகிறது என்பதையும் சொல்லுங்கள். பூனை நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களே முடிவெடுக்க வேண்டாம். ஊசி வேண்டுமா என்பதை அங்குள்ள வைத்தியர் தீர்மானிப்பார்.

இரண்டாவது, பெனடோல். கால் பங்கு என்ன, துகள்கூட வேண்டாம். அதில் இருக்கிற பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் அநேகமாக இல்லை. அது இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்து, ஒட்சிசன் சுமக்க முடியாமல் செய்துவிடும். பல் முரசு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும். ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கப் போதும். சின்னானின் உடம்பு உங்கள் கைக்குச் சுடுவதற்குக் காய்ச்சல்தான் காரணம் என்றில்லை. பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை. நம்மைவிட ஒன்றிரண்டு பாகை கூட.

மூன்றாவது, அவன் எப்படி மூத்திரம் பெய்கிறான் என்பதை நின்று பாருங்கள். நின்றபடி, வாலைத் தூக்கி, வால் நுனி நடுங்க, பின்பக்கமாகச் சுவரில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. குந்தி உட்கார்ந்து, முக்கி முக்கி, சொட்டுச் சொட்டாக வருவது, அடிக்கடி போவது, கத்துவது, குறியை விடாமல் நக்குவது என்றால் அது நோய். ஆண் பூனையின் மூத்திரக்குழாய் மிக ஒடுக்கமானது; அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுத்து நேரத்தைக் கடத்திவிடுகிறார்கள். மூத்திரமே வரவில்லை என்று தெரிந்தால் விடியும் வரை காத்திருக்காமல் கொண்டுபோக வேண்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டியிருக்கும் நேரம் என்றால், வாகனம் பிடிக்க வசதியிருந்தால், பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள தனியார் வைத்தியரிடமோ முதலில் போனில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

கதவு நிலை, சீலை, நிமிர்த்தி வைத்த பை என்று நீங்கள் எழுதியிருக்கும் இடங்களைப் பார்த்தால் இது எல்லை குறிப்பதாகவே தெரிகிறது. அப்படியே எடுத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

சின்னானுடைய வீடு எது

நமக்கு வீடு என்றால் கண்ணுக்குத் தெரிகிற சுவரும் கதவும். பூனைக்கு வீடு என்பது வாசம். அதன் கன்னத்தில், தாடையில், நெற்றிப் பொட்டில், வால் அடியில், பாதத்தில் வாசச் சுரப்பிகள் இருக்கின்றன. கதவு மூலையிலும் உங்கள் காலிலும் வந்து முகத்தை உரசுகிறதே, அப்போது அது தன் வாசத்தைப் பூசுகிறது. மரக்கட்டையைப் பிறாண்டும்போது பாதத்து வாசம் ஒட்டுகிறது. பழைய காம்பராவில் மூன்று வருடமாக நாளுக்குப் பத்துத் தடவை பூசிய வாசம், அவன் முகத்தின் உயரத்தில், எல்லா நிலையிலும் எல்லாக் கால்களிலும் இருந்தது. உங்களுக்கு அது தெரியாது. அவனுக்கு அதுதான், ‘இங்கே பயமில்லை’ என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தது.

புது வீட்டில் அந்த வாசம் ஒரு துளிகூட இல்லை. பச்சைச் சீமெந்து, பெயின்ட், புது மரம், போதாததற்கு அந்த வளவைத் தன்னுடையது என்று எண்ணுகிற வேறு ஆண் பூனைகளின் மூத்திர வாடை. இதற்கு மேல் எலுமிச்சையும் சாம்பிராணியும். மாமியாரின் நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பூனைக்கு எலுமிச்சை வாசம் பிடிக்காது. புகை, அவன் இப்போதுதான் பூசத் தொடங்கியிருக்கிற கொஞ்ச வாசத்தையும் மூடிவிடும். சாமி கும்பிடும் இடத்தில் மட்டும் போட்டுக்கொண்டு, சின்னான் படுக்கும் அறையை விட்டுவிடச் சொல்லிப் பாருங்கள்.

அவன் எதையாவது மோந்துவிட்டு, மேலுதட்டைச் சுருக்கி, வாயைப் பாதி திறந்தபடி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மேலண்ணத்தில் முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே யாக்கோப்சன் உறுப்பு என்ற இன்னொரு மோப்ப உறுப்புக்கு வாசத்தை இழுக்கிறான். மற்ற பூனை எது, ஆணா பெண்ணா, எப்போது வந்து போனது என்பதெல்லாம் அவனுக்கு அதில் தெரியும். உங்கள் கணவரின் பை அவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்: பஸ், கொழும்புத் தெரு, கடை, யாருடைய நாயோ பூனையோ. அந்நிய வாசத்தின் மூட்டை ஒன்று திடீரென்று வீட்டு நடுவில் வந்து நிற்கிறது. கருத்தடை செய்யாத ஆண் பூனை அதன் மேல் தன் வாசத்தை அடித்து வைக்கிறது. கணவருக்கு அவமானமாகப் படுகிற செயல், அவனுக்குப் பயத்தை அடக்குகிற செயல். பழி வாங்க வேண்டுமென்றால் நேற்று நடந்ததை நினைத்து, நாளை இவர் வருந்துவார் என்று கணக்குப் போட வேண்டும். பூனை அப்படித் திட்டம் போடும் என்பதற்கு ஆதாரமில்லை.

இதனால்தான் மூக்கைத் தேய்ப்பது பயன்படாது. செய்கைக்கும் தண்டனைக்கும் இடையில் சில வினாடிக்கு மேல் போய்விட்டால் அவனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது என்பார்கள். சூடு எங்கே பட்டதோ அந்த இடத்தையும் ஆளையும்தான் அது நினைவில் வைக்கும். உங்கள் கணவர் வந்தால் கழுத்தைப் பிடித்து அழுத்துவார் என்று சின்னான் படித்துக்கொண்டான். பயம் கூடினால் மூத்திரம் அடிப்பதும் கூடும்.

இன்னொன்று, குளிர். பழைய காம்பராவில் விறகடுப்பு இருந்திருக்கும், அவன் அடுப்படியிலேயே படுத்திருப்பான். பூனையின் உடம்பு சிரமப்படாமல் இருக்க விரும்பும் சூடு 30 பாகைக்கு மேல். உங்கள் பக்கத்து இரவு அதற்குப் பாதிகூட வராது. புது வீட்டில் காஸ் அடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அவன் பழைய லயத்துக்குப் போய் எங்கே படுக்கிறான் என்று அங்கே விசாரியுங்கள். அடுப்பு மேடை என்று பதில் வந்தால் பாதிப் பிரச்சினைக்கு அங்கேயே மருந்து இருக்கிறது.

கூரை மூலையில் என்ன

மனிதக் காது ஏறக்குறைய 20 கிலோஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும். வயதானால் அதுவும் குறையும். பூனை 85 கிலோஹேர்ட்ஸ் வரை கேட்கிறது. எலிக்குஞ்சுகள் தாயைக் கூப்பிடும் ஓசையும், வௌவால்கள் வழி பார்க்க எழுப்பும் ஓசையும் நமக்கு முழு மௌனம், அவனுக்குத் தெளிவான சத்தம். தேயிலைக்கு நடுவில் கட்டிய வீட்டின் கூரைத் தகட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில் இரண்டுமே குடியிருக்கலாம். அவன் காதுகளைக் கவனியுங்கள்: இரண்டும் தனித்தனியாகத் திரும்பி, பிறகு ஒரே புள்ளியில் நிலைத்தால் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பகலில் ஏணி வைத்து அந்த மூலையில் எலிப் புழுக்கை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாமியாருக்கும் அதைக் காட்டுங்கள். எலி இருந்தால் நஞ்சு வைக்காதீர்கள். நஞ்சு தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் சின்னானுக்கும் ஆபத்து. பொறி வையுங்கள்.

இருட்டில் அவனுக்கு எல்லாம் தெரியும் என்பதும் சரியில்லை. நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தால் அவனுக்குப் போதும். விழித்திரைக்குப் பின்னால் உள்ள கண்ணாடி போன்ற படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான் டோர்ச் வெளிச்சத்தில் அந்தக் கண்கள் மின்னுகின்றன. முழு இருட்டில் அவனும் குருடன்தான். மங்கலில் அசைவைப் பிடிக்கிற திறமைக்காகப் பூனை வேறு சிலவற்றை இழந்திருக்கிறது. சிவப்பு அவனுக்கு மங்கிய சாம்பலாகத்தான் தெரியும். நீலமும் மஞ்சளும் பிரித்தறிவான். நமக்குத் தூரத்தில் துலக்கமாகத் தெரிகிற முகம் அவனுக்குக் கலங்கலாகத் தெரியும். மூஞ்சியிலிருந்து ஓரடிக்குள் இருக்கிற பொருளில் கண்ணைக் குவிக்கவே முடியாது. கருவாட்டைத் தேடுவதற்குக் காரணம் அதுதான். அந்த ஓரடிக்குள் மீசையும் மூக்கும் வேலை செய்யும். பக்கத்துக்கு ஏறக்குறைய 12 மீசை மயிர். காற்றின் சிறு அசைவும் அவற்றின் வேரில் உள்ள நரம்புக்குத் தெரியும். துண்டை மூஞ்சிக்கு நேரே நீட்டாமல் தரையில் வைத்து லேசாக நகர்த்துங்கள், உடனே பிடிப்பான். நடமாடும்போது பொருள்களில் இடித்துக்கொண்டாலோ, நல்ல வெளிச்சத்திலும் கண்மணி அகலமாகவே இருந்தாலோ மட்டும் கண்ணைக் காட்டுங்கள்.

(மகள் பிஸ்கட்டும் இனிப்புத் தேத்தண்ணியும் ஊட்டுவதாக எழுதியிருந்தீர்கள். பூனைக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் நாக்கின் மரபணு அதில் செயலற்றது என்று 2005இல் கண்டறிந்தார்கள். அவள் ஆசையாகக் கொடுப்பது அவனுக்கு எண்ணெய்ப் பசையும் சூடும் மட்டும்தான். பால்மா கரைத்துக் கொடுப்பதையும் நிறுத்துங்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அதில் வயிறு போகும்.)

உங்களையும் கணவரையும் எப்படி அறிகிறான்

நாய் ஆளை நேசிக்கும், பூனை வீட்டைத்தான் நேசிக்கும் என்று நம்மில் பலர் சொல்கிறோம். பாதிதான் உண்மை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டின் விட்டாலே குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பூனைக்குட்டிகளை வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியாக இரண்டு நிமிடம், மறுபடி அவரோடு இரண்டு நிமிடம் புது அறையொன்றில் வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 65 சதவீதமான குட்டிகள், ஆள் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, அவரிடம் வருவதும் அறையை ஆராய்வதுமாக இருந்தன. மனிதக் குழந்தைகளிலும் பாதுகாப்பான பிணைப்பு இதே அளவில்தான் காணப்படுகிறது. சின்னானுக்கு நீங்கள் வெறும் சோறு போடுகிற கை அல்ல. கண் திறந்த நாளிலிருந்து தாயிடம் பெற வேண்டியதை உங்களிடம் பெற்றிருக்கிறான்.

கணவரை அடையாளம் தெரியுமா என்றால், குரலால் தெரியும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ 2013இல் செய்த சோதனையில் பூனைகளுக்கு மூன்று அந்நியர் குரலைப் போட்டுச் சலிக்க வைத்து, பிறகு வளர்ப்பவரின் குரலைப் போட்டார்கள். காதும் தலையும் திரும்பின, ஆனால் எழுந்து வரவில்லை. நாம் ‘கூப்பிட்டும் வரவில்லை, மறந்துவிட்டது’ என்கிற இடத்தில் அது கேட்டுத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. தன் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகிறது என்றும் அவரே 2019இல் காட்டினார்.

ஆகவே கணவரிடம் ஒரு விடயம் கேளுங்கள்: வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போனில் பேசும்போது சத்தத்தைக் கூட்டிவைத்து, மெதுவான குரலில் ‘சின்னான்’ என்று கூப்பிடச் சொல்லுங்கள். அப்போது அவனுக்கு நெத்தலி ஒன்று கொடுங்கள். அடுத்த மாதம் அவர் வரும்போது குரலோடு ஒரு நல்ல நினைவாவது சேர்ந்திருக்கும்.

கத்துவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து மியாவ் என்று கூப்பிடுவது அபூர்வம். அது பெரும்பாலும் மனிதருக்காக வைத்திருக்கிற ஓசை. பூனை சுறுசுறுப்பாவது விடியலிலும் அந்தியிலும். நீங்கள் நாலரைக்கு எழுந்து அடுப்பு மூட்டியதும் முதல் வேலையாக அவனுக்குச் சோறு வைத்தால், கத்தினால் சோறு வரும் என்று நாலு மணிக்கே தொடங்குவான். எழுந்து அரை மணி கழித்து, அவன் வாய் மூடியிருக்கிற நேரமாகப் பார்த்து வையுங்கள். முதல் ஒரு கிழமை முன்னைவிட அதிகமாகக் கத்துவான். அப்போது ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வைத்துவிட்டால் இன்னும் பலமாகக் கத்தக் கற்றுக்கொள்வான்.

தடவும்போது கடிப்பது

திடீரென்று என்கிறீர்கள், அநேகமாக அதற்கு முன் அவன் நாலு தடவை சொல்லியிருப்பான். வால் நுனி துடிக்கும். முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும். காது பக்கவாட்டில் திரும்பும். குறுகுறுப்புச் சத்தம் நின்றுவிடும். இவற்றில் ஒன்றைக் கண்டதும் கையை எடுத்துவிட்டால் கடி வராது. தாயும் கூடப்பிறந்தவையும் இல்லாமல் வளர்ந்த குட்டிகளுக்குக் கடியின் அளவு தெரியாது. விளையாட்டில் அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி விலகிப்போகும் என்ற பாடத்தை அவன் படிக்கவே இல்லை. அது அவன் குற்றமில்லை.

பூனை பெரும்பாலும் விரும்புவது கன்னம், தாடைக்கீழ், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடம். பிடிக்காதது வயிறும் வால் அடியும். மூன்று வினாடி தடவிக் கையை நிறுத்துங்கள். முகத்தை முட்டிக் கேட்டால் இன்னும் மூன்று வினாடி. மகளுக்கும் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள். தூக்கி அணைப்பதை அவள் இப்போதைக்கு விடட்டும்.

கணவர் வருவதற்குள் செய்ய வேண்டியவை

முதலில் கருத்தடையும் விசர்நோய்த் தடுப்பூசியும். இந்த இரண்டும் இல்லாமல் கீழே சொல்லும் மற்றவை அரைகுறையாகவே முடியும். கருத்தடை செய்த ஆண் பூனைகளில் பெரும்பாலானவை மூத்திரம் அடிப்பதை விட்டுவிடும். ஆனால் உடலில் உள்ள சுரப்பு அடங்கச் சில கிழமை எடுக்கும், அதற்குள் பலனில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தடுப்பூசியை வருடாவருடம் போட வேண்டும். அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு ஒரு சிறிய அறையில் இரண்டிலிருந்து மூன்று கிழமை. கொடுமை என்று நினைக்க வேண்டாம். முழு வீட்டையும் ஒரே நேரத்தில் வாசத்தால் தன்னுடையதாக்குவது அவனுக்கு மலைப்பு, ஓர் அறை முடியும். பழைய சாக்கோ கம்பளியோ அவன் படுத்தது எதுவானாலும் துவைக்காமல் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, தரையிலிருந்து சற்று உயரத்தில் வையுங்கள். இரவில் வெந்நீர் ஊற்றிய போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிடுங்கள். அகலமான பேசின் இரண்டில் மணல், ஒரு சுண்டுவிரல் ஆழத்துக்கு. அடுப்புச் சாம்பல் வேண்டாம், ஈரம் பட்டால் பாதத்தைப் புண்ணாக்கும். பேசினைச் சோற்றுக்கும் தண்ணீருக்கும் எதிர் மூலையில் வைத்து, தினமும் இரண்டு முறை அள்ளிக் கொட்டுங்கள்.

மெல்லிய பழைய பருத்தித் துணியால் அவன் கன்னத்தையும் தாடையையும் மெதுவாகத் துடைத்து, அதே துணியை மற்ற அறைகளின் கதவு நிலையிலும் மேசைக் காலிலும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தேயுங்கள். தினமும் செய்யுங்கள். கணவர் உடுத்த சாரமொன்றைத் துவைக்காமல் அனுப்பச் சொல்லி, அவன் சோற்றுக் கிண்ணத்துக்கு அருகில் போட்டு வையுங்கள்.

மூத்திரம் பட்ட இடத்தைக் கழுவுவதில்தான் பல வீடுகளில் காரியம் கெடுகிறது. டெட்டோலும் பினாயிலும் பூனைக்கு நஞ்சு. காலில் ஒட்டியதை நக்கும். அமோனியா கலந்தவை மூத்திர வாடையைப்போலவே இருப்பதால் மறுபடி அதே இடத்துக்கு அழைக்கும். முதலில் துணியால் ஒற்றி எடுங்கள். நொதியம் (என்சைம்) கலந்த சலவைத் தூள் ஒரு பங்கை இளஞ்சூடான தண்ணீர் ஒன்பது பங்கில் கரைத்துக் கழுவுங்கள். நல்ல தண்ணீரால் அலசிக் காயவிட்டு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தெளித்துத் துடையுங்கள். சீமெந்துத் தரையும் பூசாத சுவரும் உறிஞ்சியிருக்கும்; இரண்டு மூன்று முறை செய்ய வேண்டிவரும். சீலையில் சாயம் போகுமா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் வந்ததும் பையை அலுமாரிக்குள் வைத்துவிடட்டும். குளித்துத் துணி மாற்றிய பிறகு, சின்னான் இருக்கும் அறையில் தரையில் உட்காரட்டும். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக மூடித் திறக்கச் சொல்லுங்கள். அந்நியர் அப்படிச் செய்தபோதுகூடப் பூனைகள் அவரிடம் அதிகமாக நெருங்கின என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் காட்டினார்கள். ஒரு விரலை அவன் மூக்கின் உயரத்தில் நீட்டி வைத்துக் காத்திருக்கட்டும். வந்து மோந்து கன்னத்தை உரசினால் சரி. வராவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். சோறு வைப்பது சில நாட்களுக்கு அவர் கையாலேயே இருக்கட்டும்.

மார்க்கெட்டில் விடுவது பற்றி

இதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். வாசத்தால் அறிந்த ஓர் இடம் போனதற்கே இவ்வளவு கலங்கியவனை, ஒரு வாசமும் தெரியாத, நாய்களும் வாகனங்களும் நிறைந்த இடத்தில் விட்டால் பெரும்பாலும் பட்டினியிலோ சக்கரத்திலோ முடிவான். திரும்பி வர முயன்றால் வழியெல்லாம் தேயிலை. காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்கில் சிறுத்தைகளே மாட்டிச் சாகிற மலைநாடு இது.

ஆனால் வேறொரு வழியை மறுக்க மாட்டேன். பழைய லயத்தில் பக்கத்துக் காம்பரா அக்கா அவனுக்குச் சோறு வைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு மாதத்தில் அவன் இங்கே தங்கவில்லை என்றால், அவர் மனமுவந்து ஏற்றால், கருத்தடையும் ஊசியும் முடித்து அவரிடமே விட்டுவிடலாம். தெரிந்த இடம், அடுப்படி, தெரிந்த ஆள். மகளும் போய்ப் பார்த்துவரலாம். அதுவரை அந்த அக்காவிடம் சோறு வைக்காமல் உங்களுக்குத் தகவல் மட்டும் தரச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் சோறு கிடைத்தால் அவன் இரண்டுக்கும் நடுவில் அலைந்துகொண்டே இருப்பான்.

மூன்று கிழமை முடிந்து முதன்முதலாக வெளியே விடும்போது, சோற்று நேரத்துக்குச் சற்று முன், பசியோடு இருக்கையில், மழையில்லாத பகலில் விடுங்கள். கதவைத் திறந்தே வைத்து, பத்து நிமிடத்தில் கிண்ணத்தைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே எடுத்துவிடுங்கள். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம், இரவில் உள்ளேயே இருக்கட்டும். இடையில் எங்கே எத்தனை மணிக்கு மூத்திரம் அடித்தான், அப்போது வீட்டில் யார் இருந்தார்கள், வெளியே வேறு பூனை தெரிந்ததா என்று மகளின் கொப்பியொன்றில் குறித்து வையுங்கள். கருத்தடை செய்து ஆறு கிழமை தாண்டியும் நிற்கவில்லையென்றால், அந்தக் கொப்பியையும், சுத்தமான போத்தலில் மூத்திரம் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போங்கள்.